சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்

கிளாஸ்கோ
14 ஜனவரி 2024

மச்சானுக்கு,

நான் நலம். குளிர்தான் நலமாக இல்லை. நீங்களும் அக்காவும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கத்தான் போன ஞாயிற்றுக்கிழமை மூன்று தடவை போன் அடித்தேன். மூன்று தடவையும் அக்காதான் எடுத்தாள். "அவரு இப்பத்தான் வெளிய போனாரு தம்பி" என்றாள். மச்சான், பின்னால் உங்கள் இருமல் கேட்டது. ஈப்போவில் ஐந்து வருடம் கல்யாண மண்டபங்களுக்கு மைக்செட் கட்டிச் சோறு தின்றவன் நான். அது உங்கள் இருமல்தான். முன் அறையிலிருந்துதான் வந்தது. என்னிடம் இந்த வேலையெல்லாம் வேண்டாம்.

அப்புறம் வாட்ஸாப்பில் ஒரே ஒரு வரி அனுப்புகிறீர்கள். 'லெட்டர் போடு மாப்ள, லெட்டர்தான் நல்லது.' இந்தக் காலத்தில் எவன் கடிதம் போடுகிறான்? இங்கிருந்து சுங்கை சிப்புட் போய்ச் சேர இரண்டு வாரம் ஆகும் என்று தபால் நிலையத்தில் சொன்னார்கள். அங்கே இருந்த பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். சரி, போடுகிறேன். பதில் வராவிட்டால் நேரில் வந்து கேட்பேன்.

பேச்சு சிகிச்சைப் படிப்பு தொடங்கி நாலு மாதம் ஆகிறது. ஸ்பீக்கர் ரிப்பேர் செய்தவன் இப்போது தொண்டை ரிப்பேர் செய்யப் போயிருக்கிறான் என்று நீங்கள் மீன் பாசார் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பதாக அக்கா சொன்னாள். தொண்டை மட்டும் இல்லை. பக்கவாதம் வந்து பேச்சு போனவர்கள், திக்குகிற பிள்ளைகள், தண்ணீர் விழுங்கினால் நுரையீரலுக்குப் போய்விடும் கிழவர்கள், எல்லாம் இதில்தான் வருகிறது. எனக்குப் பாடம் கஷ்டமாக இல்லை. காத்திருப்பதுதான் கஷ்டம். ஒரு நோயாளி ஒரு சொல்லைத் தேடிக்கொண்டிருந்தால் நான் எடுத்துக் கொடுத்துவிடுகிறேன். என் மேற்பார்வையாளர் ஹெதர், "அவர் பேச வந்தாரா, நீ பேச வந்தாயா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். ஆனால் அந்த ஆள் தேடிய சொல் நான் சொன்னதுதான்.

அக்காவிடம் சொல்லுங்கள், அவள் கொடுத்தனுப்பிய ஊறுகாய் தீர்ந்தது.

தனேஷ்

*

சுங்கை சிப்புட்
30 ஜனவரி 2024

அன்புள்ள மாப்ள தனேஷுக்கு உன் மச்சான் தர்மேந்திரன் எழுதுவது. இங்கே மழை, வெயில், உன் அக்காவின் ஏச்சு மூன்றும் அளவாக இருக்கின்றன. அங்கே நீ சோறு தின்கிறாயா, ரொட்டியை மென்றே ஆளைக் கரைக்கிறாயா?

போன் எடுக்காததற்குக் கோபிக்காதே. தொண்டை முன்னாலேயே கட்டியிருந்தது, தைப்பூசத்துக்குக் கல்லுமலைக் கோயிலில் இரண்டு நாள் வேல் வேல் என்று கத்தியதில் இன்னும் கட்டிக்கொண்டது. உன்னிடம் கரகரவென்று பேசினால் நீ அங்கிருந்தே வைத்தியம் ஆரம்பித்துவிடுவாய். உனக்குத்தான் தெரியுமே, ரப்பர் எஸ்டேட்டில் இருந்த காலத்தில் நாலாம் நம்பர் மலையில் நின்று நான் கூப்பிட்டால் ஏழாம் நம்பரில் இருக்கிறவன் வாளியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பான். அந்தத் தொண்டை சும்மா போகாது. ஓய்வு கேட்கிறது.

மீன் கடைக்கு ஒன்றும் குறைவில்லை. நீ புறப்படுவதற்கு முன் என் சத்தத்தைப் பிடித்து ஒரு சின்ன ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தாயே, அதுதான் இப்போது கடையில் கத்துகிறது. "கெம்போங் கெம்போங்! கண்ணப் பாரு அக்கா, கண்ணப் பாரு, இன்னும் முழிச்சிக்கிட்டு இருக்கு!" காலையில் ஆறு மணிக்குத் தட்டிவிட்டால் பதினொரு மணி வரைக்கும் மூன்று பாஷையில் அதுவே பார்த்துக்கொள்கிறது. நான் வெட்டுகிற வேலையை மட்டும் பார்க்கிறேன். பக்கத்தில் காய்கறி போடும் இராமசாமி, "ஒன்னவிட ஒன் ஸ்பீக்கரு மரியாதயா பேசுது தர்மேந்திரா" என்கிறான்.

வீட்டுக்கு வந்தால் உன் அக்கா மீன் வாடை என்று மூக்கைப் பிடிக்கிறாள். எனக்கு ஒரு வாடையும் தெரிவதில்லை. அவள் பூ வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாலும் தெரிவதில்லை. இருபது வருடம் மீனுக்குள்ளேயே கிடந்தவன் மூக்கு வேறு எப்படி இருக்கும்?

படிப்பில் கவனம் வை. அந்த ஹெதர் அம்மா சொல்வதைக் கேள்.

உன் மச்சான்
தர்மேந்திரன்

*

கிளாஸ்கோ
24 பிப்ரவரி 2024

மச்சானுக்கு,

நான் நலம். உங்கள் தொண்டையின் நலம் தெரிய வேண்டும்.

தைப்பூசம் முடிந்து ஒரு மாதம் ஆகிறது. மூன்று வாரத்துக்கு மேல் குரல் சரியாகாவிட்டால் டாக்டர் பார்க்க வேண்டும். இது என் ஆலோசனை இல்லை, விதி. குழாய் விட்டுக் குரல் நாணைப் பார்ப்பார்கள். ஐந்து நிமிட வேலை. சாக்குச் சொல்லாதீர்கள். "பனங்கற்கண்டு போட்டுப் பாத்தேன்" என்று பதில் எழுதினால் கடிதத்தைக் கிழித்துப் போடுவேன்.

இங்கே ஆஸ்பத்திரிக்கு வாரம் இரண்டு நாள் போகிறேன். இவர்கள் பேசும் ஆங்கிலம் எனக்குப் பாதி புரிவதில்லை. நான் பேசுவது அவர்களுக்கு முக்கால்வாசி புரிவதில்லை. ஒரு கிழவர் என்னிடம், "தம்பி, நீ பேசுவதைக் கேட்டால் எனக்கு வந்த நோய் உனக்கும் வந்திருக்கிறது போல" என்றார். சிரித்தேன். அவருக்காக மெதுவாகப் பேசக் கற்றுக்கொள்கிறேன். அது என் இயல்புக்கு ஒத்துவரவில்லை.

இன்னொன்று. உங்கள் கடிதம் மேலே நன்றாகத் தொடங்கிக் கீழே போகப் போகப் பொடியாகிறது. சுங்கை சிப்புட்டில் காகிதத்துக்குத் தட்டுப்பாடா?

டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுங்கள். அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தனேஷ்

*

சுங்கை சிப்புட்
22 மார்ச் 2024

அன்பு மாப்ளக்கு மச்சான். இருவரும் சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

டாக்டரைப் பார்த்துவிட்டேன். குழாய் விட்டார். தொண்டை சுத்தமாக இருக்கிறது, கண்ணாடி மாதிரி இருக்கிறது என்றார். இதை எழுதிக் கொடுக்கச் சொல்லி உனக்கு அனுப்ப நினைத்தேன், அவருக்கு நேரம் இல்லை.

போன வாரம் இடது விரலில் கத்தி பட்டது. பெரிய காயம் இல்லை. இராமசாமி கட்டுப் போட்டுவிட்டு, "என்னா நீ, தரையில எண்ண கொட்டுன மாதிரி அடி எடுத்து வைக்கிற?" என்று கேட்டான். பாசார் தரை என்றைக்கு வழுக்காமல் இருந்தது? பார்த்துத்தான் நடக்க வேண்டியிருக்கிறது.

வேறு விசேஷம் இல்லை. நீ நன்றாக இருந்தால் போதும்.

மச்சான்

*

சுங்கை சிப்புட்
20 ஏப்ரல் 2024

அன்புத் தம்பிக்கு அக்கா பிரமிளா எழுதுவது. நீ சௌக்கியமாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். நான் உடம்பால் நன்றாக இருக்கிறேன்.

போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். உன் மச்சானுக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டது.

சிரிக்காதே. பதினெட்டு வருடம் ஒரு மனுசனோடு இருந்தவளுக்குத் தெரியாதா? அவர் முகத்தைப் பார்த்தால் சுவரைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. புத்தாண்டுக்குப் புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றேன். பார்த்தார். அவ்வளவுதான். ஒரு சொல் இல்லை, ஒரு சிரிப்பு இல்லை. முன்னே என்றால், "யாரு இந்தப் பொண்ணு, பிரமிளா இல்லாத நேரத்துல வந்திருக்கு" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேலி பண்ணுவார்.

பேசுவதும் இல்லை. கேட்டால் வாய்க்குள்ளேயே முனகுகிறார். "கொஞ்சம் சத்தமா சொல்லுங்க" என்றால், "சத்தமாத்தானே சொல்றேன், ஒனக்குத்தான் காது போச்சு" என்கிறார். பிள்ளை இல்லாத வீடு தம்பி. நாங்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் வாயை மூடிக்கொண்டால் இன்னொருவர் சுவரோடு பேச வேண்டியதுதான். பக்கத்து வீட்டுக் கருப்பம்மாள் அக்கா, "ஆம்பள திடீர்னு வாய மூடுனா வேற எங்கயோ தொறக்குறான்னு அர்த்தம்லா" என்றாள். அன்று இரண்டு வேளை சாப்பிடவில்லை.

தாப்பாவுக்கு, சித்தி வீட்டுக்குப் போய் இருக்கலாமா என்று பார்க்கிறேன். நான் இல்லாவிட்டால் அவருக்கு நிம்மதியாக இருக்கும் போலிருக்கிறது. அப்படியே அங்கேயே இருந்துவிட்டாலும் தேட மாட்டார்.

நான் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம். குளிருக்குக் காது மூடிக்கொள்.

அக்கா

*

கிளாஸ்கோ
5 மே 2024

மச்சான்,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

அக்கா எழுதியிருக்கிறாள். சொல்லாதே என்றாள். எனக்கு ஒளித்து வைக்கத் தெரியாது. நீங்கள் அவளிடம் பேசுவதில்லையாம். முகம் கொடுப்பதில்லையாம். அவள் தாப்பாவுக்குப் போக நினைக்கிறாள், நீங்கள் தேட மாட்டீர்கள் என்றும் நினைக்கிறாள். இதற்கு என்ன பதில்?

அம்மா அப்பா போன பிறகு எனக்கு வீடு என்றால் உங்கள் வீடுதான். ஒன்பது வயதில் என்னை மோட்டார் சைக்கிளில் வைத்துக்கொண்டு வந்து, "இவன் இங்கதான் இருப்பான்" என்று மூன்று வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொன்னவர் நீங்கள். அந்த வாய் எங்கே போனது? டாக்டர் தொண்டை கண்ணாடி மாதிரி இருக்கிறது என்கிறார். அப்படியானால் பழுது தொண்டையில் இல்லை, மனதில் இருக்கிறது. வேறு யாராவது இருந்தால் ஆம்பளையாக அக்காவிடம் சொல்லிவிடுங்கள். இல்லை என்றால் வாயைத் திறந்து பேசுங்கள். இங்கே பேச முடியாத நாற்பது பேரை வாரா வாரம் பார்க்கிறேன். ஒரு சொல்லுக்காக வியர்த்துப் போகிறார்கள். நீங்கள் பேச முடிந்தும் பேசாமல் இருக்கிறீர்கள். எனக்கு அது அசிங்கமாகத் தெரிகிறது.

கடைசிக் கடிதத்தைப் படிக்க விளக்குப் பக்கத்தில் போக வேண்டியிருந்தது. காகிதத்தில்கூட முணுமுணுக்கிறீர்கள்.

தனேஷ்

*

சுங்கை சிப்புட்
30 மே 2024

தனேஷுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ கேட்டதில் தப்பில்லை.

உன் அக்கா மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. வேறு யாரும் இல்லை. அவள் போன திங்கட்கிழமை தாப்பாவுக்குப் போய்விட்டாள். பஸ் நிலையத்தில் போகாதே என்று இரண்டு தடவை சொன்னேன். ஏறிப் போய்விட்டாள்.

நான் சிரிப்பதில்லை என்கிறாள். நான் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன் மாப்ள. அவள் பார்க்கும்போது இல்லை என்கிறாள். எனக்குப் புரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

*

கிளாஸ்கோ
23 ஜூன் 2024

மச்சானுக்கு,

இந்தக் கடிதம் வருவதற்குள் அக்கா உங்களை டாக்டரிடம் அழைத்துப் போயிருக்க வேண்டும். நேற்று தாப்பாவுக்குப் போன் செய்து அரை மணி நேரம் கத்தினேன். "நீ அவருக்கு சாக்கு தேடிக் குடுக்குற" என்றாள். "வீட்டுக்குப் போய், பூ வாசம் தெரியுதான்னு மட்டும் அவரைக் கேளு" என்றேன். வைத்துவிட்டாள். போவாள். பிறகு ஏன் கடிதம் என்றால், நான் காகிதத்தில் எழுதியதைக் காகிதத்தில்தான் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். மே மாதம் எழுதியது தப்பு. முழுக்கத் தப்பு.

நடந்ததைச் சொல்கிறேன். வியாழக்கிழமை என்னை ஒரு குரல் பயிற்சிக் குழுவுக்கு அனுப்பினார்கள். எட்டுப் பேர், எல்லாருக்கும் பார்க்கின்சன். மூளையில் ஒரு ரசாயனம் குறைந்துபோகிற நோய். கை நடுங்கினால்தான் அது என்று நானும் நினைத்திருந்தேன். நடுங்காமலும் வருகிறது. உடம்பின் அசைவு எல்லாமே சின்னதாகிப் போகிறது. அடி சின்னதாகிறது. குரல் சின்னதாகிறது, பேசுகிறவருக்கு மட்டும் அது தெரிவதில்லை, தன் காதுக்குச் சரியான சத்தமாகத்தான் கேட்கிறது. முகத்துத் தசை அசையாமல் போகிறது. பல பேருக்கு இதற்கெல்லாம் முன்னாலேயே வாசனை தெரியாமல் போய்விடுகிறது.

ஒரு கிழவர் வந்திருந்தார், ரயில்வேயில் வேலை பார்த்தவர். அவர் மனைவி ஹெதரிடம் சொன்னார்: "இவர் சிரிக்கிறேன் என்கிறார். நான்தான் பார்க்கவில்லையாம்." உங்கள் மே மாதக் கடிதத்தில் இருந்த அதே வரி. அப்புறம் ஹெதர் எல்லாரையும் ஒரே வாக்கியத்தை ஐந்து வரி எழுதச் சொன்னார். எட்டுப் பேர் எழுத்தும் கீழே போகப் போக எறும்பாகிப் போனது.

அறைக்கு வந்து உங்கள் மூன்று கடிதங்களையும் மேசையில் வரிசையாக வைத்தேன். என் பழைய கருவிப் பெட்டியில் காலிப்பர் இருக்கிறது. 'மாப்ள' என்று நீங்கள் எழுதுகிற 'ம'வை அளந்தேன். ஜனவரியில் எழுதியது ஐந்து மில்லிமீட்டர். மார்ச்சில் மூன்றரை. மே மாதம் ஒன்றரை. இரண்டு தடவை அளந்தேன். ஆறு மாதமாக நீங்கள் எனக்கு ஒவ்வொரு கடிதத்திலும் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். மூக்கு, விரலில் பட்ட கத்தி, இராமசாமி சொன்ன நடை. நான் காகிதத் தட்டுப்பாடு என்று கேலி செய்தேன்.

நான் மாணவன். நோய் இன்னது என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. ஈப்போவில் நரம்பு டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். என் கணிப்பு தப்பாக இருந்தால் நீங்கள் என்னை எவ்வளவு வேண்டுமானாலும் ஏசலாம். சரியாக இருந்தால், இது முழுக்கக் குணமாகாது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மருந்து இருக்கிறது. குரலுக்குப் பயிற்சி இருக்கிறது, அது வேலை செய்வதைக் கண்ணால் பார்த்தேன்.

மன்னியுங்கள் என்று எழுதத் தெரியவில்லை. மூன்று தடவை எழுதி அடித்துவிட்டேன்.

தனேஷ்

*

சுங்கை சிப்புட்
28 ஜூலை 2024

அன்புத் தம்பிக்கு அக்கா. நீ நன்றாக இருக்க வேண்டும். இங்கே நலம் என்று எழுதலாமா என்று தெரியவில்லை, ஆனால் வீட்டில் இரண்டு பேரும் இருக்கிறோம்.

நீ சொன்னதுதான். டாக்டர் கையைத் தட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், ஊசி நூல் கோக்கிற மாதிரி விரலைச் சேர்க்கச் சொன்னார். பிறகு சிரிக்கச் சொன்னார். உன் மச்சான் அப்படியே உட்கார்ந்திருந்தார். டாக்டர் திரும்பவும் சொன்னார். இவர் என்னைப் பார்த்து, "என்னா பிரமிளா இவங்க, சிரிச்சிக்கிட்டுதானே இருக்கேன்" என்றார். நான் போனில் ஒரு படம் எடுத்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "இது நானா?" என்றார். "இந்த மூஞ்சியோடவா நீ ஆறு மாசமா இருந்த? நானா இருந்தா அப்பவே பஸ் ஏறியிருப்பேன்லா" என்றார்.

அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். டாக்டர் நோய்க்காக அழுகிறேன் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

பஸ் நிலையத்தில் போகாதே என்று சொன்னதாக உனக்கு எழுதினாராமே. கூப்பிட்டுக் கேட்டேன். "ரெண்டு தரம் சொன்னேன்" என்கிறார். எனக்கு ஒன்றும் விழவில்லை தம்பி. பஸ் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. வழியனுப்பக்கூட வாய் வரவில்லையே என்று தாப்பா வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு போனேன்.

மூன்று வேளை மாத்திரை. மீன் வெட்ட இப்போது இராமசாமியின் மருமகன் வந்து நிற்கிறான், இவர் நிறுத்துப் போடுகிறார். குரல் பயிற்சிக்கு ஈப்போவில் ஜானிஸ் என்று ஒரு பெண், தமிழ் நன்றாகப் பேசுகிறாள். ஆனால் இவர் வர மறுக்கிறார். "சின்னப் பொண்ணு முன்னால நின்னு ஆன்னு கத்தணுமாம். மலு லா" என்று வெட்கப்படுகிறார். தைரியம் சொல்லி ஒரு கடிதம் போடு. நீ சொன்னால் கேட்பார். இல்லாவிட்டால் நீயே போனில் சொல்லிக் கொடு.

அக்கா

*

கிளாஸ்கோ
11 ஆகஸ்ட் 2024

மச்சானுக்கு,

நான் நலம். மாத்திரையை நேரம் தவறாமல் போடுகிறீர்கள் என்று அக்கா சொன்னாள். அது எனக்கு நலத்துக்கு மேல்.

நானே சொல்லிக் கொடுக்கட்டுமா என்று ஹெதரிடம் கேட்டேன். கூடாது என்றார். "குடும்பத்துக்கு நீ சிகிச்சை செய்யாதே. நீ அவர் வாக்கியத்தை முடித்துவிடுவாய்" என்றார். இந்தத் தடவை அவர் சொன்னது சரி. அதனால் ஜானிஸிடம் போங்கள். நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று.

உங்களுக்குச் சரியான சத்தம் என்று தோன்றுவது சரியான சத்தம் இல்லை. உங்களுக்குள் இருக்கும் மீட்டர் கெட்டுப்போயிருக்கிறது. மைக்செட்டில் இப்படி ஆனால் நாங்கள் காதை நம்ப மாட்டோம், மீட்டர் ஊசியைப் பார்த்துத்தான் சத்தத்தை ஏற்றுவோம். நீங்களும் அப்படித்தான். உங்கள் காதுக்குக் காட்டுக் கத்தலாகக் கேட்கும்போதுதான் எதிரில் இருப்பவருக்குச் சாதாரணப் பேச்சாகக் கேட்கும். வெட்கமாக இருக்கும். பரவாயில்லை. அந்த ரயில்வேக் கிழவர் முதல் நாள் கத்திவிட்டு எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டார். எங்களுக்கு அப்போதுதான் அவர் பேசியதே புரிந்தது.

தினமும் பத்து வாக்கியம் சொல்லிப் பழக வேண்டும். தேவாரம் வேண்டாம், பேப்பர் செய்தி வேண்டாம். உங்கள் வாயில் அன்றாடம் வருகிற பத்து, அல்லது வர வேண்டிய பத்து. ஒவ்வொன்றையும் ஐந்து தடவை, முழுச் சத்தத்தில். எந்தப் பத்து என்று நீங்கள்தான் எழுத வேண்டும். பெரிய எழுத்தில் எழுதுங்கள். எனக்கு அனுப்ப வேண்டாம். நான் பார்த்தால் திருத்துவேன்.

இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு பொறுமையாக இருக்கப் பழகுகிறேன். சீக்கிரம் போங்கள் மச்சான்.

தனேஷ்

*

சுங்கை சிப்புட்
22 செப்டம்பர் 2024

அன்புத் தம்பிக்கு அக்கா. நீ சுகமா? இங்கே ஒரு சுகமான சங்கதி நடந்தது, அதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

உன் மச்சான் ஜானிஸிடம் நாலு வாரமாகப் போகிறார். முதல் தடவை காடியை விட்டு இறங்க மாட்டேன் என்று கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் வெளியே வந்து, "அங்கிள், கெம்போங் வாங்கணும், எப்படிப் பாத்து வாங்குறது?" என்று கேட்டாள். இவர் இறங்கி விளக்க ஆரம்பித்தார். "கேக்கல அங்கிள், கேக்கல" என்றே உள்ளே கூட்டிப் போய்விட்டாள்.

பத்து வாக்கியத்தை ஒரு வாரம் மாய்ந்து மாய்ந்து எழுதினார். முதல் ஆறும் மீன் கடைதான். ஏழாவது, டீக்குச் சீனி குறை. எட்டாவது, காடிச் சாவி எங்கே. ஒன்பதாவது, மழை வருது துணி எடு. பத்தாவதை எனக்குக் காட்டவில்லை. மடித்து ஜானிஸிடம் மட்டும் கொடுத்தார். அவள் படித்துவிட்டு, "இத நீங்க வீட்லதான் சொல்லணும் அங்கிள், என்கிட்ட இல்ல" என்றாளாம்.

நேற்று சாயந்திரம் ஐந்து மணி. முன் அறையில் நின்றுகொண்டு ஆரம்பித்தார். ஜானிஸ் சத்தம் அளக்கிற ஒரு செயலியை என் போனில் போட்டுக் கொடுத்திருக்கிறாள், நான் அதைப் பிடித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தேன். கெம்போங் விற்றார், டீ கேட்டார், துணி எடுக்கச் சொன்னார். பத்தாவது வந்ததும் நின்றார். தண்ணீர் குடித்தார். ஜன்னலைச் சாத்தப் போனார், ஜன்னல் திறந்திருக்க வேண்டும், வெட்கம் போகணும் என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள் என்றேன். திரும்பி வந்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கத்தினார்.

"பிரமிளா! எனக்கு ஒம்மேல கோவமே இல்ல!"

அவர் விடவில்லை. ஐந்து தடவை சொல்ல வேண்டுமே. இரண்டாவது தடவை இன்னும் பலமாகப் போனது. மூன்றாவது தடவைக்குக் கருப்பம்மாள் அக்கா கரண்டியோடு வாசலில் நிற்கிறாள், பின்னாலேயே அவள் வீட்டுக்காரர் ஐயாவு அண்ணன், சாரோங்கை இடுப்பில் சொருகிக்கொண்டு.

"என்னா பிரமிளா, என்னா சண்ட? தெரு முனை வரைக்கும் கேக்குதுலா!"

"சண்ட இல்லக்கா."

"சண்ட இல்லாமத்தான் மனுசன் இந்தக் கத்து கத்துறாரா? மாசக்கணக்கா வாயத் தொறக்காத ஆளு!"

உன் மச்சான் அவர்களைப் பார்த்தார். எண்ணிக்கை விட்டுப்போகும் என்று பயம் போலிருக்கிறது, என் பக்கம் திரும்பி நாலாவதைச் சொன்னார். "பிரமிளா! எனக்கு ஒம்மேல கோவமே இல்ல!"

ஐயாவு அண்ணன் உள்ளே வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். "தர்மா, சரி, விடு. கோவம் இல்லன்னு சொல்றதுக்கு எதுக்குலா இவ்ளோ கோவம்? ஒக்காரு, தண்ணி குடி."

"கைய எடுங்கண்ணே, இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு" என்றார் இவர். அதுவும் நல்ல சத்தமாக வந்தது, அது பட்டியலிலேயே இல்லாத வாக்கியம். ஐந்தாவதையும் சொல்லி முடித்தார். போனில் எண்பத்து நாலு டெசிபல் காட்டியது. ஜானிஸ் எழுபத்தைந்து வந்தால் போதும் என்றிருந்தாள்.

அவர் முகம் அப்படியேதான் இருந்தது தம்பி. ஒரு கோடு அசையவில்லை. ஆனால் வியர்த்து ஊற்றியது, கழுத்து நரம்பு புடைத்திருந்தது, இரண்டு கையையும் பிள்ளைகள் மாதிரி இறுக்கி மூடிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கேட்டதா என்று கேட்கிறார் என்று எனக்கு விளங்கியது.

கேட்டது. தெரு முழுக்கக் கேட்டது. கருப்பம்மாள் அக்கா கரண்டியைக் கீழே போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நான் போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, "கேக்கல, இன்னொரு தரம் சொல்லுங்க" என்றேன்.

அக்கா
பிரமிளா